சபராளியும் அண்டை வீடும்



சபர் என்ற சொல்லை நம் கரையோர ஊர்களில், வியாபாரத்திற்காகக் கடல் கடந்து போவதற்கே பெரும்பாலும் சொல்லி வருகிறோம். "வாப்பா சபரில் இருக்கிறார்" என்றால் அவர் கொழும்பிலோ பினாங்கிலோ கோலாலம்பூரிலோ கடை வைத்திருக்கிறார் என்று பொருள். அப்படிப் போனவர் முப்பது வருஷம் அங்கேயே இருந்தாலும் சபரில்தான் இருக்கிறார். அவருக்குச் சபராளி என்றே பெயர். ஆனால் மார்க்கச் சட்டத்தில் சபர் அவ்வளவு நீளமானதன்று. ஓர் ஊரில், வந்த நாளும் திரும்பும் நாளும் நீங்கலாக, நான்கு நாள் தங்குவதென்று நிய்யத்துச் செய்துகொண்டால் ஷாபி மத்ஹபில் அவன் முஸாபிர் அல்லன். ஹனபி மத்ஹபில் அது பதினைந்து நாள். அதற்குப் பிறகு அவன் முகீம், அதாவது ஊரில் தங்கியவன். நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கித் தொழும் சலுகை அவனுக்கு இல்லை. மதரஸாவில் பிக்ஹுப் பாடம் ஓதிய சிறு பிள்ளைக்கும் இது தெரியும்.

இதிலிருந்து ஒரு கேள்வி பிறக்கிறது. தொழுகையில் முகீமாகிவிட்ட ஒருவன், தான் தங்கியிருக்கும் ஊரின் விஷயத்தில் மட்டும் முஸாபிராகவே இருந்து, அந்த ஊராருக்குச் செய்ய வேண்டியதைச் சுருக்கிக் கொள்ளலாமா? தொழுகையை நாலாகத் தொழுபவன் அண்டை வீட்டாரின் ஹக்கை இரண்டாகக் குறைக்க எந்தக் கிதாபில் இடம் இருக்கிறது?

இக்கேள்வி புத்தகத்தைப் பார்த்துத் தோன்றியதன்று. கொரோனா நோய் வந்து எல்லோரையும் அவரவர் இருந்த இடத்திலேயே நிறுத்திவைத்த காலத்தில், சாமான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸில் படி ஏறி இறங்கியபோது தோன்றியது.

2020 மார்ச் 18-ந் தேதி இந்த நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததைச் சகோதரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பள்ளிவாசல்களில் ஜும்ஆ நின்றது. துணிக் கடை, நகைக் கடை, முடி திருத்தும் கடை யாவும் அடைப்பு. ஏப்ரல் 1-ந் தேதி முதல் ஒரு வீட்டுக்கு ஒருவர் மட்டும், அதுவும் பத்துக் கிலோமீட்டருக்குள், சாமான் வாங்க வெளியே வரலாம் என்று உத்தரவாயிற்று. கடை நேரம் காலை எட்டு முதல் இரவு எட்டு வரை. நமது கடை மளிகைக் கடையாதலால் திறக்க அனுமதி இருந்தது. ஆனால் கடைத் தம்பிமார் இரண்டு பேரும் மஸ்ஜித் இந்தியா பக்கம் குடியிருந்தவர்கள். அங்கே மெனாரா சிட்டி வன் மார்ச் 31-ந் தேதியும், சிலாங்கூர் மேன்ஷனும் மலாயன் மேன்ஷனும் ஏப்ரல் 7-ந் தேதியும் முழு அடைப்புக்கு உள்ளாயின. கட்டடத்தைச் சுற்றி முள்கம்பி போட்டுப் போலீசும் பட்டாளமும் நின்றன. மேன்ஷன் இரண்டிலும் ஆயிரக்கணக்கான பேர், பெரும்பாலும் வெளிநாட்டார். தம்பிமார் உள்ளே இருந்தார்கள். கடையில் நாம் ஒருவரே. வயதானவர்களும் நோயாளிகளும் போன் செய்து சாமான் கேட்டார்கள். மத்தியானம் ஒரு மணிக்குக் கதவைச் சாத்திவிட்டு, கையில் சீட்டும் தோளில் பையுமாகக் கொண்டுபோய்க் கொடுத்துவருவது வழக்கமாயிற்று.

கல்லாவில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரு என்பது தன்னிடம் வருகிறவர்கள்தான். விலாசம் தேடிப் போகிறவனுக்கு அதுவே வேறு ஊர். பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே செங்கல்லிலிருந்து வந்தது. 1881-ல் கோலாலம்பூரை ஒரு தீயும் ஒரு வெள்ளமும் அடுத்தடுத்து அழித்தன. அதுவரை ஊர் அத்தாப்புக் கூரையும் மரமுமாக இருந்தது. இனிமேல் கல்லாலும் ஓட்டாலும் கட்டவேண்டும் என்று சர்க்கார் கட்டளையிட, செங்கல் சூளைகள் இந்தப் பக்கத்தில் எழுந்தன. பிறகு ரயில் வந்தது; ரயிலோடு யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் உத்தியோகத்திற்கு வந்தார்கள், தமிழ்நாட்டார் தண்டவாள வேலைக்கு வந்தார்கள். ரயில் ஊழியருக்காக 1905-ல் கட்டிய ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ் என்ற நூறு வீடுகளில் ஒன்றுகூட இப்போது இல்லை. ரயில் பெட்டிகளைக் கோத்துப் பிரித்த பழைய வெளியில்தான் 2001-ல் கே.எல். சென்ட்ரல் நிலையம் வந்தது. சிங்களவர்களின் பௌத்த மகா விகாரையும், யாழ்ப்பாணத்தாரின் கந்தசாமி கோயிலும், கிறிஸ்தவர்களின் கோயில்களும், நம்மவரின் மதரஸத்துல் கௌதிய்யாவும் ஒரு பை சாமானைத் தூக்கிக்கொண்டு நடக்கிற தூரத்துக்குள்ளேயே இருக்கின்றன. இருபது வருஷமாக வெள்ளிக்கிழமையும் தீபாவளியும் வெசாக்கும் எந்தக் கிழமை எந்தத் தேதி என்று வியாபாரக் கணக்குக்காகவே ஞாபகம் வைத்திருக்கிற தெரு இது.

பார்வையற்றவர்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951-ல் ஏற்பட்டது. அதன் தலைமையிடம் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறது. அதனால் பார்வையற்றவர்கள் இங்கே நிறையக் குடியிருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு உடம்பு பிடித்துவிடும் தொழில். ஆளை ஆள் தொடாதே என்று உத்தரவு வந்ததும் அந்தத் தொழில் ஒரே நாளில் நின்றது. நடைபாதையில் அவர்கள் காலால் தடவிப் போவதற்காக மேடு பதித்த ஓடுகள் உண்டு. சாதாரண நாட்களில் அந்த ஓடுகளின் மேல் மோட்டார் சைக்கிள் நிற்கும். பூக்கடை மேஜை நிற்கும். கடைக்காரர்களின் அஞ்சடிச் சாமான்கள் நிற்கும். அடைப்புக் காலத்தில் அவையெல்லாம் உள்ளே போய்விட்டன. வெறிச்சென்ற நடைபாதையில் ஒரு பார்வையற்ற பெரியவர் கோலைத் தட்டிக்கொண்டு, எங்கும் முட்டாமல், நேராக நடந்து போனதைக் கண்டோம். ஊர் முழுவதும் அடைபட்டுக் கிடந்த நாளில் அவருக்கு மட்டும் வழி திறந்திருந்தது. பிறகு ஒருநாள் அவர் வீட்டுக்கே சாமான் கொண்டுபோகும்படி ஆயிற்று. மூன்றாம் மாடி. நம் நாட்டு நோட்டுகள் மதிப்புக்கு மதிப்பு அளவு வேறாதலால், விரலால் அளந்து பத்து வெள்ளியை எடுத்துக் கொடுத்தார். வாங்கியது ஒரு கிலோ அரிசி, அரைக் கிலோ பருப்பு, நாலு முட்டை.

நிற்க. இந்தச் சமயத்தில் ஒரு பெரியவரோடு நடந்த பேச்சை எழுதவேண்டும். நமக்கு முன்பே இந்நாட்டுக்கு வந்து, நன்றாகச் சம்பாதித்து, நம்மவர் பலருக்கு வேலை கொடுத்தவர். "தம்பி, வந்த இடத்தில் வேடிக்கை பார்ப்பது வியாபாரிக்கு அழகல்ல. நாம் வந்தது சம்பாதிக்க. ஊரில் உம்மா இருக்கிறாள், தங்கச்சி இருக்கிறாள். அவர்கள் ஹக்குத்தான் முதல். இங்கே இருப்பது பாஸ்போர்ட்டில் குத்திய முத்திரை மட்டும் நாம். முத்திரை முடிந்தால் வெளியே. சர்க்காரே நம்மைத் தற்காலிகம் என்று எழுதி வைத்திருக்கும்போது, நாம் ஏன் இந்த ஊரை நம் ஊர் என்று சொல்லவேண்டும்?" என்றார். போனில்தான் பேசினார், குரலில் கோபம் இல்லை.

இதைத் தட்டிவிட முடியாது. அதே வருஷம் மே 1-ந் தேதி மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் நடந்த சோதனையில், தஸ்தாவேஜு இல்லாத வெளிநாட்டார் நூற்றுக்கணக்கில் பிடிபட்டார்கள். முதலில் உள்ளே வைத்து அடைத்தார்கள், பிறகு லோரியில் ஏற்றினார்கள் என்பதைப் பார்த்த ஒரு கூலிக்காரனிடம் போய், "இந்த ஊரை நேசி" என்று உபதேசம் செய்ய யாருக்கும் வாய் வராது. அவனிடம் கேட்கவும் கூடாது. கடமை என்பது வசதியைப் பொறுத்து ஏறும், இறங்கும். ஜகாத்துக்கு நிஸாப் உண்டு. ஹஜ்ஜுக்குச் சக்தி வேண்டும். ஊரின் ஹக்குக்கும் அப்படி ஒரு நிஸாப் இருக்கவேண்டும் என்பது நம் அபிப்பிராயம். கடை என்று ஒன்று வைத்து, லைசென்ஸ் எடுத்து, நீலக் கார்டோ சிவப்புக் கார்டோ பையில் வைத்திருப்பவர்கள் அந்த நிஸாபை எட்டியவர்கள். பெரியவரும் எட்டியவர்தாம், நம்மிடம் இருப்பதும் சிவப்புக் கார்டு.

மேலும், காகிதம் வேறு, ஹக்கு வேறு. அண்டை வீட்டானுக்கு உள்ள உரிமையைச் சொன்ன மார்க்கம், அவன் எந்த ராஜ்ஜியத்துப் பிரஜை என்று கேட்கவில்லை. நாற்புறமும் நாற்பது வீடு அண்டை வீடு என்று முன்னோர்களில் சிலர் கணக்குச் சொன்னார்கள். அந்த நாற்பது வீட்டில் யாருக்கு வீசா இருக்கிறது என்று அவர்கள் எண்ணவில்லை. சர்க்காரும் ஒரு கட்டத்தில் இப்படித்தான் செய்யவேண்டி வந்தது. 2021 பிப்ரவரியில் தடுப்பூசி போடத் தொடங்கியபோது, இந்நாட்டில் இருக்கும் வெளிநாட்டாருக்கும், தஸ்தாவேஜு இல்லாதவருக்கும்கூட, இலவசமாகவே போடுவதென்று அறிவித்தார்கள். கிருமிக்குப் பாஸ்போர்ட் பார்க்கத் தெரியாது என்பது முள்கம்பி போட்டவர்களுக்கே விளங்கிற்று.

பெரியவர் இன்னொன்றும் சொன்னார். உலகத்தில் அந்நியனைப் போல, வழிப்போக்கனைப் போல இருக்கச் சொல்லி ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் உபதேசித்திருக்கிறார்களே, நாம் முஸாபிராக இருப்பதில் என்ன தவறு என்று. நல்ல ஹதீஸ்தான். ஆனால் அதில் சொல்லியது உலகத்தைப் பற்றி. கோலாலம்பூரில் முஸாபிராக இரு, கீழக்கரையில் மிராசுதாராக இரு என்று அதற்குப் பொருளன்று. இங்கே ஓர் அறையில் எட்டுப் பேர் படுத்து எழுந்து, அங்கே மூன்று மாடி வீடு கட்டி, அதில் காவல்காரனையும் புறாவையும் குடிவைக்கிறோமே, அந்த வீட்டிலும் நாம் வழிப்போக்கர் தாமே? வழிப்போக்கனுக்கு மரத்தடியில் பாத்தியதை இல்லை என்பது சரி. ஆனால் அந்த மரத்தடியில் படுத்திருக்கும் இன்னொரு வழிப்போக்கனுக்குத் தண்ணீர் கொடுக்காமல் போகலாம் என்று அந்த ஹதீஸிலிருந்து யாரும் எடுக்க முடியாது.

இப்னு பதூதாவை நினைத்துப் பாருங்கள். 1325-ல் தான்ஜியரை விட்டுப் புறப்பட்டவர். நமது மதுரையில் சுல்தான்கள் ஆண்ட காலத்தில் அங்கே வந்து, ஒரு கொள்ளைநோயைக் கண்ணால் கண்டு எழுதினார். நோய் கண்டவர் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ மாண்டார்கள் என்கிறார். 1348-ல் டமாஸ்கஸ் நகரில் பெரிய கொள்ளைநோய் வந்தபோதும் அங்கே இருந்தார். அவ்வூரில் முஸ்லிம்களும் யூதர்களும் கிறிஸ்தவர்களும் தத்தம் வேதங்களை ஏந்தி ஒரே ஊர்வலமாக நடந்து இரங்கி அழுததை அவரே எழுதியிருக்கிறார். சில நாள் தங்கின ஊரின் துக்கத்தை அவ்வளவு கூர்ந்து பார்த்தார் அந்த முஸாபிர். முப்பது வருஷம் தங்கின முகீமுக்கு எதிர்ப்படியில் குடியிருப்பவரின் பெயர் தெரியாது. இவ்விருவரில் யார் சபராளி?

அந்த வருஷம் ஜூன் 10-ந் தேதி கட்டுப்பாடு தளர்ந்த பிறகு, கிள்ளானில் மச்சான் கடைக்குப் போய்வர முடிந்தது. ஜாலான் தெங்கு கிளானாவில் ஒரு காலத்தில் தோள் இடிக்காமல் நடக்க முடியாது. அன்று பூமாலைக் கடையில் ஆள் இல்லை. நம்மவர் பள்ளிவாசலில் இடைவெளி விட்டு விரிப்பு அடையாளம் போட்டிருந்தார்கள். கடைக்குக் கூட்டம் வராததால் மச்சானோடு ஆற்றங்கரை வரை நடந்து, ராஜா அப்துல்லாவின் பழைய கிட்டங்கியையும், மேலே மோட்டாரும் கீழே மனிதரும் போகும்படி 1960-ஐ ஒட்டிக் கட்டிய இரண்டடுக்குப் பாலத்தையும் பார்த்துவந்தோம். மச்சான் பதினைந்து வருஷமாக அந்தப் பக்கம் லோரி ஓட்டியவர். கீழ் அடுக்கில் அன்றுதான் கால் வைத்தார்.

அந்தக் கிட்டங்கியின் கதையில் நம் கேள்விக்கு ஒரு விடை இருக்கிறது. ஈயம் தேடுவதற்காக 1857-ல் ராஜா அப்துல்லா எண்பத்தேழு சீனத் தொழிலாளிகளைக் கிள்ளான் ஆற்றின் வழியாகப் படகில் மேலே அனுப்பினார். கொம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடும் இடத்தில் இறங்கி, காட்டு வழியாக அம்பாங் போனார்கள். ஒரு மாதத்திற்குள் அறுபத்தொன்பது பேர் மலேரியாக் காய்ச்சலில் இறந்துபோனார்கள். மிஞ்சியவர் பதினெட்டுப் பேர். அவர்கள் இறங்கிய அந்த ஆற்று மூக்குத்தான் பிறகு கோலாலம்பூர் ஆயிற்று. அங்கேதான் இன்று ஜாமெக் பள்ளி நிற்கிறது. அந்த எண்பத்தேழு பேரும் சம்பாதிக்க வந்தவர்கள். ஊரை நிர்மாணிக்க வந்தவர்கள் அல்லர். சீனாவில் அவர்களுக்கும் உம்மா இருந்திருப்பாள்.

காய்ச்சல் அதோடு விடவில்லை. 1901-ல் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகத்தைத் திறந்தார்கள். இன்றைய போர்ட் கிள்ளான். சதுப்பு நிலத்தில் திறந்த துறைமுகமாதலால் மலேரியா கொத்துக்கொத்தாக வாரியது. துறைமுகத்தையே மூடிவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்குப் போயிற்று. அந்த வருஷம் கிள்ளானுக்கு ஜில்லா வைத்தியராக வந்திருந்த மால்கம் வாட்சன் என்ற வெள்ளைக்காரர், சதுப்பை வடித்துச் சாக்கடை வெட்டிக் காட்டை அழிக்கச் செய்தார். கொசுவிலிருந்துதான் காய்ச்சல் என்று ரொனால்ட் ராஸ் நம் நாட்டில், செகந்தராபாத்தில், கண்டுபிடித்து அப்போது நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. காய்ச்சல் இறங்கியது, துறைமுகம் பிழைத்தது. பின்னால் நம் ஜனங்கள் ரஜூலா கப்பலில் வந்து இறங்கியது அந்தத் துறையில்தான். வந்தவர்களை உடனே ஊருக்குள் விடாமல், தனி முகாமில் வைத்து நாள் கணக்குப் பார்த்து விட்டார்கள். பினாங்குக்குப் போனவர்களுக்கு ஜெரஜாக் தீவு. இலங்கைக்குப் போன தொழிலாளிகளுக்கு நம் ராமநாதபுரத்து மண்டபம் முகாம். அடைத்து வைப்பது நம் பாட்டன்மாருக்குப் புதிதன்று.

தனித்து வைத்தலைக் குறிக்கும் குவாரன்டைன் என்ற சொல்லுக்கே நாற்பது என்று பொருளாம். வெனிஸ் நகரத்து வியாபாரிகள் பேச்சிலிருந்து வந்தது. முதலில் 1377-ல் ரகூசா என்ற துறைமுகத்தார் நோய் கண்ட ஊரிலிருந்து வந்தவர்களை முப்பது நாள் வெளியே நிறுத்தினார்கள்; அதுவே பிறகு நாற்பதாயிற்று. ஐரோப்பாவில் இதைக் கொண்டுவந்தது பாதிரிகளோ ராணுவமோ அல்ல, வியாபார ஊர்கள். ஊர் பிழைத்தால்தான் வியாபாரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்கும் நாற்பது உண்டு என்பது இங்கே ஞாபகம் வருகிறது.

நமக்கோ அதற்கும் முந்திய வழி இருக்கிறது. ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் கண்டபோது உமர் (ரலி) அவர்கள் ஸர்க் என்ற இடம் வரை போய்த் திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டதும், ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்கே போகிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) பதில் சொன்னதும் எல்லோரும் அறிந்ததே. நோய் உள்ள ஊருக்குள் போகாதே, நீ இருக்கும் ஊரில் நோய் வந்தால் அங்கிருந்து ஓடாதே என்ற நபிமொழியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ப் (ரலி) அவர்கள் எடுத்துச் சொன்னார்கள். அதன் முதல் பாதியைப் பற்றி உலமாக்கள் நிறையப் பேசிவிட்டார்கள். இரண்டாம் பாதியைக் கவனியுங்கள். அபூ உபைதா (ரலி) ஷாமில் பிறந்தவர் அல்லர், மக்காவாசி. ஷாமில் தம் ஜனங்களோடேயே இருந்து அந்த நோயிலேயே காலமானார்கள். இருக்கும் ஊரை விட்டு ஓடாதே என்ற சட்டம் சொந்த ஊருக்கு மட்டும் என்று வைத்திருந்தால், அவர் மதீனாவுக்குத் திரும்பியிருக்கலாமே? எங்கே இருக்கிறாயோ அது உன் ஊர் என்று நோய்க் காலத்தில் மார்க்கமே தீர்மானித்துவிட்டது.

இப்போது கஷ்டமான இடத்துக்கு வருகிறோம். தான் வயிறு நிறைந்து படுக்க, பக்கத்தில் அண்டை வீட்டான் பசித்துக் கிடப்பதைப் பற்றிய கடுமையான எச்சரிக்கையை எத்தனையோ குத்பாவில் கேட்டிருக்கிறோம். அதன் ஓர் அறிவிப்பில், "அதை அறிந்துகொண்டே" என்ற கருத்தும் சேர்ந்து வருகிறது. வியாபாரிக்கு ஒப்பந்தத்தில் ஓட்டை கண்டுபிடிக்கும் கண் உண்டு. அறிந்தால்தானே குற்றம்? எனக்குத் தெரியாது, ஆகவே பொறுப்பில்லை. இந்தச் சாக்குச் செல்லுமா?

இதற்குச் சந்தையிலேயே பதில் இருக்கிறது. ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரம் இருப்பதைக் கண்டு வியாபாரியைக் கேட்ட சம்பவம் நம் தொழிலுக்கென்றே வந்தது போன்றது. அந்த வியாபாரி மழை என்று சொன்னான். ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். அடியில் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவே இல்லை என்று அவன் சொல்லியிருந்தால் தப்பியிருப்பானா? பருப்பு மூட்டையில் வண்டு விழுந்திருக்கிறது. மூட்டையைப் பிரிக்காமலே விற்றேன், ஆகவே எனக்குத் தெரியாது என்று நாம் முனிசிபல் அதிகாரியிடம் சொல்ல முடியுமா? அறிய முடியாமல் போனது ஒன்று. அறியாமல் இருக்கும்படி பார்த்துக்கொண்டது வேறொன்று. இரண்டாவது அறியாமைக்குச் சலுகை இல்லை. இது நம் அபிப்பிராயம். உலமாக்கள் திருத்தினால் ஏற்றுக்கொள்கிறோம்.

ஆனால் ஒரு தடையும் இருக்கிறது. பிறர் வீட்டு ரகசியத்தைத் துருவாதே என்பது குர்ஆனின் கட்டளை. அண்டை வீட்டில் பசி இருக்கிறதா என்று அறியக் கதவைத் தட்டி அடுப்பைப் பார்க்க முடியுமா? மானமுள்ள குடும்பம் மறைக்கத்தான் செய்யும். 2021 ஜூன் 1-ந் தேதி மறுபடி முழு அடைப்பு வந்தது. அந்த மாதக் கடைசியில், உதவி வேண்டுவோர் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டுங்கள் என்ற இயக்கம் நாடெங்கும் பரவிற்று. மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் கட்டினார்கள். கொடி கண்ட வீட்டுக்கு அரிசி போயிற்று. நம்மவரில் கொடி கட்டியவர் அபூர்வம். கஷ்டம் இல்லாததாலா? துணிக் கடையும் நாணய மாற்றுக் கடையும் மாதக்கணக்கில் அடைபட்டு, அங்கே சம்பளத்துக்கு இருந்தவர்கள் எந்த நிலையில் இருந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர்கள் கொடி கட்டாதது மானத்தால். அந்த வருஷம் முடிவதற்குள் இந்நாட்டில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இந்நோயில் இறந்தார்கள். பட்டினி அதிலே கணக்கில்லை.

துருவாமலே அறிய முடியுமா என்றால், வியாபாரிக்கு முடியும். அவனிடம்தான் பற்று வரவு இருக்கிறது. ஐந்து கிலோ அரிசிப் பை வாங்கிய வீடு ஒரு கிலோவுக்கு இறங்குகிறது. கோழி நிற்கிறது, முட்டை பத்திலிருந்து நாலாகிறது. குழந்தைப் பால்மாவு டின்னைக் கையில் எடுத்து விலையைப் பார்த்து வைத்துவிட்டுப் போகிறாள் ஒரு தாய். கடனை அடைத்துவிட்டு ஒரு குடும்பம் திடீரென்று வருவதை நிறுத்திவிடுகிறது. அது மேலும் கடன் கேட்கக் கூசுகிறது என்று அர்த்தம். இதில் எதையும் துருவி அறியவில்லை. அவர்களே வந்து கல்லாவில் வைத்துவிட்டுப் போகிறார்கள். ஆகவே ஊரில் உள்ள எல்லோரைக் காட்டிலும் "தெரியாது" என்று சொல்லக் குறைந்த பாத்தியதை உள்ளவன் மளிகைக் கடைக்காரன். தெரிந்ததை வெளியே சொல்லாமலிருப்பது அவனுக்கு இரண்டாவது கடமை. அரிசிப் பையில் இரண்டு கிலோ கூடப் போட்டு, "கம்பெனிக்காரன் இனாம் கொடுத்தான்" என்று சொல்வது பொய்யாகுமா என்று ஒரு கடைக்காரச் சகோதரர் கேட்டார். உலமாக்கள்தான் பதில் சொல்லவேண்டும். "இந்த மாதம் பைக்குள் கொஞ்சம் கூட இருக்கும்" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் பொய்யும் இல்லை, மானமும் போகவில்லை.

முள்கம்பிக்குள் இருந்த தம்பிமாரில் ஒருவருடைய விஷயத்தையும் சொல்லவேண்டும். கீழக்கரைத் தம்பி. அடைப்பு விழுந்த ஒரு வாரத்தில் அவருடைய வாப்பா ஊரில் மௌத்தானார். இந்தியாவிலும் ஊரடங்கு, விமானம் மார்ச் மாதமே நின்றுவிட்டது. "காக்கா, போகவும் முடியாது, வெளியே வரவும் முடியாது, நான் எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை" என்று போனில் அழுதார். கபுறுக்குள் வைப்பதைப் போன் திரையில் பார்த்தார். நாம் பிரிக்பீல்ட்ஸில், கூப்பிடு தூரம். ஆனாலும் போக வழியில்லை. பிறகு அவர் சொன்னது: வராந்தாவில் அவர் வாசலில் நின்று காயிப் ஜனாஸாத் தொழுதபோது, அந்த வரிசையிலிருந்த கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஓர் இந்தோனேசியச் சமையல்காரர் தம் வாசலிலேயே கைகட்டி நின்றார். எதிரே ஒரு பாகிஸ்தான்காரர், அடுத்து இரண்டு வங்காளதேசத் தொழிலாளிகள். ஹனபிகளாதலால் அவர்கள் தொழவில்லை, கையேந்தி நின்றார்கள். கோடியில் ஒரு நேபாளி, என்ன நடக்கிறதென்று யாரிடமோ கேட்டுவிட்டு, தொப்பியைக் கழற்றி நின்றாராம். மூன்று வருஷம் அந்த வராந்தாவில் போய்வந்தும் இவர்களில் ஒருவர் பெயரும் தம்பிக்குத் தெரிந்திராது. வேலை முடிந்து வந்தால் தூக்கம், எழுந்தால் வேலை. அடைப்பு நீங்கி அவர் கடைக்கு வந்தபோது ஏழு பேருடைய பெயர் சொன்னார்.

பெரியவரிடம் இதைச் சொன்னோம். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "அந்த நேபாளிக்கு வேலை இருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை என்றோம். விலாசம் வாங்கிக்கொண்டார்.

2022 ஏப்ரல் 1-ந் தேதி எல்லை திறந்தது. தம்பி ஊருக்குப் போய் வாப்பாவின் கபுறை ஜியாரத் செய்து, நாற்பது நாள் உம்மாவோடு இருந்து, திரும்பி வந்தார். அஞ்சடிச் சாமான்களும் திரும்பி வந்துவிட்டன. மோட்டார் சைக்கிள்களும் பழையபடி மேட்டு ஓடுகளின் மேல் ஏறிவிட்டன. நம் வரிசையில் ஐந்து கடைக்காரர்கள் மட்டும் ஓட்டுக்கு இந்தப் பக்கம் சுண்ணாம்புக் கோடு போட்டு, அதைத் தாண்டி ஒரு மூட்டையும் வைப்பதில்லை என்று பேசி நடத்தி வருகிறோம். ஆறாவது கடைக்காரரோடு இன்னும் பேச்சு முடியவில்லை. இடம் போதாது என்கிறார். அவருடைய கடை சிறியது என்பதும் உண்மைதான்.

2020 நோன்பில் கஞ்சிக் கொப்பரை அடுப்பில் ஏறவில்லை. இப்போது அஸருக்குப் பிறகு பழையபடி எல்லா ஜாதியாரும் பாத்திரத்தோடு வரிசையில் நிற்கிறார்கள். வரிசைக்கு வர முடியாதவர்களுக்குப் பையன்கள் தூக்குச் சட்டியில் கொண்டுபோகிறார்கள். போன நோன்பில் பார்வையற்றவர்கள் இருக்கும் அந்த மாடிக்கு மட்டும் ஏழு தூக்குச் சட்டி போயிற்று. ஒன்றில் இறைச்சி போடாமல் தனியாகக் காய்ச்சியது.